கூலிக்குறைப்பியல்

பாயிரம்

நூல் எழுதப் புகுவோர், அது நுவலும் பொருள் இன்னது, கேட்போர் இன்னார், பயன் இன்னது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்நூல் நுவலும் பொருள், ஆணுக்கு ஒரு கூலியும் பெண்ணுக்கு அதில் குறைந்த ஒரு கூலியும் வைத்துவிட்டு அதற்கு உலகத்தார் சொல்லும் சமாதானங்கள். கேட்போர் மேஸ்திரி, மிராசுதார், மில் மேனேஜர், ஹெச்.ஆர். அலுவலர் முதலானோர். இவர்கள் இப்பொருளை முன்பே துறைபோகக் கற்றவர்கள் ஆகையால் நூலால் அவர்களுக்குப் பயன் ஏதும் இல்லை. ஆனாலும் அவர்கள் நா நுனியில் சிதறிக் கிடப்பதைத் திரட்டி வகை செய்து வைப்பது புலவர் கடன்.

குறை ஏன் உண்டாயிற்று என்று ஆராய்வது பொருளாதார நூலார் தொழில். அதில் செய்த ஆராய்ச்சிக்காக கிளாடியா கோல்டினுக்கு 2023-ல் நோபல் பரிசும் கொடுத்தாயிற்று. நாம் அந்தப் பக்கம் போவதில்லை.

இந்நூலுக்குப் பகைநூல் ஒன்று உண்டு. அது சட்டம். இந்திய அரசியலமைப்பின் 39-ஆவது பிரிவு சம வேலைக்குச் சம ஊதியம் என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகச் சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டு நெறிகளின் வரிசையில் இருப்பதால், அதை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு கோர்ட்டுப் படி ஏற முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1951-ல் செய்த 100-ஆவது உடன்படிக்கையை இந்தியா 1958-ல் ஏற்றுக் கையெழுத்திட்டது. ஏற்றபின் பதினேழு ஆண்டுகள் ஓய்வு. 1975 சர்வதேச மகளிர் ஆண்டாக வந்து நின்றபோது, செப்டம்பர் 26 அன்று அவசரச் சட்டம் ஒன்று வந்தது. அதுவே 1976-ல் சம ஊதியச் சட்டம் ஆயிற்று. அதைத் தன்னுள் அடக்கிக்கொண்ட 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

பகைநூலின் உயிர்நாடி ஒரே தொடரில் இருக்கிறது: 'ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை'. இரு வேலையும் ஒத்தவை என்று காட்டிவிட்டால் கூலியும் ஒத்திருக்க வேண்டும். இதைப் படித்த முதலாளிகளில் மந்தமானவர்கள் கூலியை மாற்றினார்கள். கூர்மையானவர்கள் வேலையை மாற்றினார்கள். நம் நூல் பிந்தையவர்களால் வளர்ந்தது.

நூற்பா

தோளே குடும்பம் பிறவிக்கை பெயரே
நாழிகை கருணை வாய்ப்பூட் டென்றாங்கு
ஏழென மொழிப கூலியின் குறையே.

என்றது, குறைக்குச் சொல்லும் காரணம் ஏழு வகைப்படும் என்றவாறு. எட்டாவது ஒன்று உண்டு. அது நீதிமன்றத்தில் அடிபட்டுப் போனதால் நூற்பாவில் இடம் பெறவில்லை. உரையில் வரும்.

1. தோள்

ஆண் பாரம் தூக்குவான், பெண் தூக்கமாட்டாள், ஆகவே ஆணுக்குக் கூலி கூட என்பது இக்காரணம். ஏழிலும் இதுவே மூத்தது. வயலில் பிறந்தது. அண்டை வெட்டுவதும் வரப்புப் போடுவதும் மருந்தடிப்பதும் ஆம்பளை வேலை. நாற்று நடுவதும் களை பறிப்பதும் பொம்பளை வேலை. காலையிலிருந்து சேற்றில் குனிந்த முதுகு நிமிராமல் பின்னுக்கு நகர்ந்துகொண்டே நடுவதற்குத் தோள்வலி மட்டும் தேவையில்லை என்பது உண்மைதான். இடுப்புவலி, முட்டிவலி, கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் இவையெல்லாம் வேண்டும். ஆனால் அவற்றை வலிமையாகக் கணக்கிடும் வழக்கம் தோள்நூலாரிடம் இல்லை.

ஏர் ஓட்டுவதற்குத் தோள் வேண்டும் என்றார்கள், சரி. ஏர் போய் டிராக்டர் வந்தது. இருக்கையில் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடிப்பவருக்குத் தோள் எதற்கு என்று கேட்டால், தோள்நூலார் மறுமொழி சொல்லமாட்டார். கூலியும் குறையாது.

இனி இக்காரணத்தை வயலிலிருந்து கட்டட வேலைக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். அங்கே செங்கல்லைத் தலையில் அடுக்கிக்கொண்டு சாரத்தில் ஏறுபவள் சித்தாள். கலவைச் சட்டியைத் தூக்குபவளும் அவள். கரண்டியும் மட்டப்பலகையும் பிடித்து ஓரிடத்தில் நின்று பூசுபவர் கொத்தனார். பாரமே கூலியின் அளவு என்றால் சனிக்கிழமை சம்பளத்தில் சித்தாளின் உறைதான் தடிமனாக இருக்க வேண்டும். இல்லையே என்றால், 'அது தொழில் தெரிஞ்ச வேலைம்மா' என்கிறார் மேஸ்திரி. ஆக, வயலில் பாரம் தூக்கினால் கூலி கூட, கட்டடத்தில் பாரம் தூக்கினால் கூலி குறைய. காரணம் இடத்துக்கு இடம் தலைகீழாகப் புரளும். புரளாமல் நிற்பது யாருக்குக் குறைய என்பது மட்டும். இந்நூல் முழுவதற்கும் இதுவே திறவுகோல் என்க.

நூறு நாள் வேலை இதற்குப் பெரிய இடையூறு செய்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த அந்த வேலையில் ஏரி தூர் எடுக்க ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம். தமிழ்நாட்டில் அதற்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மண்ணை வெட்டி மண்ணைச் சுமந்தவர்கள் அவர்கள்தான். அதைக் கண்ட நிலக்காரர்கள் 'களை பறிக்க ஆள் கிடைக்கலை' என்று சொன்னார்களே தவிர, தோள் காரணத்தைத் திரும்பப் பெற்றதாகச் செய்தி இல்லை.

2. குடும்பம்

ஆணுக்குக் குடும்பம் இருக்கிறது, ஆகவே அவனுக்குக் கூட வேண்டும் என்பது. இதன் உட்பிரிவுகள் மூன்று. மணமாகாதவளிடம்: 'உனக்கென்னம்மா, அப்பா இருக்கார்.' மணமானவளிடம்: 'வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரில்ல?' கணவனை இழந்தவளிடம்: 'ஒண்டி ஆளுக்கு என்ன செலவு?' பெண்ணின் வாழ்நாள் முழுவதையும் இம்மூன்றும் இடைவெளியின்றி மூடிவிடுவதைக் கவனிக்க. நான்காவது நிலை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் அதற்கும் உட்பிரிவு செய்துகொள்ளலாம்.

மணமாகாத ஆணின் சம்பளத்தில் இந்தக் காரணத்தால் ஒரு ரூபாய் பிடித்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. குடித்தே கூலியை முடிக்கும் ஆணுக்கும் குடும்பஸ்தன் கூலிதான். வேறு ஆராய்வதற்கு இதில் ஒன்றுமில்லை.

3. பிறவிக்கை

பெண்ணுக்குச் சில வேலைகள் இயல்பிலேயே வரும், கற்க வேண்டியதில்லை, கற்காத திறனுக்குக் கூலி எதற்கு என்பது. தையல், பீடி சுற்றுதல், கொழுந்து கிள்ளுதல், பூக்கட்டுதல், பிள்ளை பார்த்தல், நோயாளிக்குப் பக்கத்தில் இருத்தல் ஆகியவை இதில் அடங்கும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பிசிறு வெட்டுவதும் செக்கிங்கும் பெரும்பாலும் பெண்கள் வேலையாக இருப்பதற்கு அவர்கள் கண்ணும் கையும் நுணுக்கமானவை என்று புகழ்ச்சி சொல்வார்கள். அந்தப் புகழ்ச்சிக்குச் சம்பளச் சீட்டில் கட்டம் இல்லை.

இக்காரணம் நம் நாட்டுச் சொத்து மட்டும் அன்று. 1968-ல் இங்கிலாந்தின் டேகன்ஹாமில் ஃபோர்டு கார்களுக்கு இருக்கை உறை தைத்த பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களைத் திறன் குறைந்த தரத்தில் வைத்திருந்தது கம்பெனி. உறை இல்லாமல் கார் வெளியே போக முடியாமல் ஆலை நின்றபோதுதான் தையல் ஒரு தொழில் என்பது தெரியவந்தது. இரண்டு ஆண்டில் அந்நாட்டுக்குச் சம ஊதியச் சட்டம் கிடைத்தது. தையல் திறன்மிக்க வேலைதான் என்று தரம் ஏற்றிக்கொடுக்க மட்டும் 1984 வரையும் இன்னொரு வேலைநிறுத்தம் வரையும் ஆனது.

ஓர் ஐயம். ஆணின் தோள்வலிமையும் பிறவியில் வந்ததுதானே, அதை அவன் எந்தப் பள்ளியில் கற்றான்? பிறவியில் வந்ததற்குக் கூலி இல்லை என்றால் முதற்காரணம் விழுகிறது. உண்டு என்றால் மூன்றாங்காரணம் விழுகிறது. இரண்டையும் ஒரே மேஸ்திரி ஒரே மூச்சில் சொல்லக் கேட்டிருக்கிறோம். உரையாசிரியர்கள் இதை, ஒரு விதியை இன்னொன்றோடு மாட்டிவிடும் 'மாட்டேறு' என்று சமாளிப்பார்கள். நாம் சமாளிக்கவில்லை.

4. பெயர்

ஏழில் இதுவே தலையாயது. பகைநூல் வந்தபின் மற்ற ஆறும் தளர்ந்தன. இது மட்டும் கொழுத்தது. இலக்கணம்: ஒரே வேலைக்கு இரண்டு பெயர் வைத்து, ஒரு பெயரின்கீழ் பெண்களை மட்டும் நிறுத்தி, அப்பெயருக்குக் கூலி குறைத்தல்.

முதல் எடுத்துக்காட்டு மக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் கம்பெனி. அங்கே ஸ்டெனோகிராபர்கள் இருந்தார்கள். ஆண்கள் பொதுவான ஸ்டெனோகிராபர்கள். பெண்களுக்கு உயர் அதிகாரிகளோடு இணைந்த அந்தரங்கப் பெண் ஸ்டெனோகிராபர் என்ற தனிப் பெயர். சம்பளம் குறைவு. அவர்களில் ஒருவர் வேலை போனபின் வழக்குத் தொடுத்தார். கம்பெனியின் வாதம் நம் நூலுக்கே அணிகலன்: அந்தப் பதவியில் ஆணே இல்லையே, யாரோடு ஒப்பிடுவது? தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுத்தானே சம்பளம் வைத்தோம்? 1987-ல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. இருவரும் செய்வது சுருக்கெழுத்தும் தட்டச்சும்தான். பெண்களை மட்டும் ஒரு பதவியில் குவித்துவிட்டு, அங்கே ஆண் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. சங்கம் கையெழுத்துப் போட்டதால் சட்டம் வளையாது.

எட்டாவது காரணமும் இவ்வழக்கில்தான் வந்தது. கம்பெனிக்கு நிதிநிலை சரியில்லை, சமமாகக் கொடுக்கக் கட்டுப்படியாகாது என்றார்கள். இது 'இல்லாமை' எனப்படும். முதலாளியின் பணவசதியைப் பார்த்து இச்சட்டம் பொருந்துவதும் பொருந்தாததும் ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதால், இது அன்றே செத்தது. ஆனால் இன்றும் சில அலுவலகங்களில் 'கம்பெனி நிலைமை உங்களுக்கே தெரியும்' என்று ஆவியாக உலவுகிறது.

இரண்டாம் எடுத்துக்காட்டில் பெயர்க்காரணம் வென்றது. ஏர் இந்தியா விமானத்தில் ஒரே நடைபாதையில் ஒரே பயணிகளுக்குப் பணி செய்தவர்களில் ஆண் உதவி பர்சர், பெண் ஏர் ஹோஸ்டஸ். பெண்ணுக்கு ஓய்வு 35 வயதில். அதற்குமுன் முதல் கர்ப்பம் வந்தால் அன்றே வீடு. 1979-ல் மத்திய அரசு, இந்த வேறுபாடுகள் பாலினத்தால் வந்தவை அல்ல என்று சட்டத்தின் 16-ஆவது பிரிவைப் பயன்படுத்தி அறிவித்தது. 1981-ல் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியைக் கடுமையாகக் கண்டித்து நீக்கியது. ஆனால் இரண்டும் வெவ்வேறு பணிவகுப்புகள், தேர்வும் பதவி உயர்வும் வெவ்வேறு, ஆகவே ஊதிய ஒப்பீடு செல்லாது என்றது. பெயர் வைப்போர் இவ்விரு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஸ்டெனோ வழக்கில் பெயர் மட்டும் மாறியிருந்தது, சிக்கிக்கொண்டார்கள். விமானத்தில் பெயரோடு சேர்த்துத் தேர்வு, பதவி உயர்வு, வயது எல்லாமே மாற்றப்பட்டிருந்தன, தப்பிக்கொண்டார்கள். கொஞ்சமாக வேறுபடுத்தினால் குற்றம், முழுக்க வேறுபடுத்தினால் வகுப்பு.

மூன்றாவது நிலை, சம்பளம் என்ற பெயரையே மாற்றுவது. சம ஊதிய அவசரச் சட்டம் வந்தது 1975 செப்டம்பர் 26 என்று பாயிரத்தில் சொன்னோம். ஆறு நாள் கழித்து, அக்டோபர் 2 அன்று, அதே அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் அங்கன்வாடிகளில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, எடை பார்த்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்துப் பதிவேடு எழுதுபவர்கள் பெண்கள். திட்டத்தின் ஏட்டில் அவர்கள் கௌரவப் பணியாளர்கள், பெறுவது மதிப்பூதியம். ஊதியமே இல்லாத இடத்தில் சம ஊதியம் என்ற கேள்வி எழாது. தமிழ்நாடு போன்ற சில மாநிலங்கள் தம் கையிலிருந்து கூடுதலாகப் போட்டுக் காலமுறை ஊதியம் என்ற சட்டகத்துக்குள் கொண்டுவந்தன. பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்ல வேண்டியிருந்தது. 2005-க்குப் பின் வந்த ஆஷா பணியாளர்களுக்கு மதிப்பூதியமும் கனமாகத் தெரிந்ததோ என்னவோ, பணிக்குப் பணி ஊக்கத்தொகை என்று இன்னும் மெல்லிய பெயர் வைத்தார்கள்.

5. நாழிகை

பெண் தாமதமாக வருவாள், சீக்கிரம் போவாள், ஆகவே நேரம் குறைவு, ஆகவே கூலி குறைவு என்பது. டென்னிஸில் இதன் தூய வடிவம் கிடைக்கும். ஆண்கள் ஐந்து செட், பெண்கள் மூன்று செட், பரிசு எப்படிச் சமமாகும் என்று கேட்டார்கள். அமெரிக்க ஓபன் 1973-லேயே சமமாக்கிவிட்டது. விம்பிள்டன் 2007 வரை மனம் வராமல் இருந்தது.

நேரமே அளவு என்பவரை இலங்கையின் தேயிலை மலைக்கு அழைத்துப் போகலாம். அங்கே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1984-ல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாயிற்று. ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' என்று கணக்கு. கவ்வாத்து வெட்டும் ஆண் தன் அளவை முடித்துவிட்டால் வெயில் சாயுமுன் லயத்துக்குத் திரும்பலாம். கொழுந்து எடுக்கும் பெண் கடைசி நிறுவை வரை மலையில் நிற்பாள். நிறை எட்டாவிட்டால் அரைப்பேர். இங்கே நீள உழைப்பவள் பெண், பேர் ஒன்றே. ஐந்து செட்டுக்காரர்கள் யாரும் இந்த மலைக்கு வந்து அவளுக்கு நேரக் கணக்கில் கூட்டிக் கொடுக்கச் சொன்னதில்லை.

கிரிக்கெட்டை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. 2022 அக்டோபரில் இந்திய வாரியம் ஆட்டச் சம்பளத்தை இருபாலார்க்கும் சமமாக்கியது: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். மகிழ்ச்சி. ஆண்டு ஒப்பந்தத்தில் அப்போது ஆண்களின் உச்சப் பிரிவுக்கு 7 கோடி, பெண்களின் உச்சப் பிரிவுக்கு 50 லட்சம். பெண்களுக்கு டெஸ்ட் ஆட்டங்களே அரிது என்பதால் அந்த 15 லட்சம் பெரும்பாலும் கற்பனை அழகோடு நின்றது.

6. கருணை

பெண்ணின் நன்மைக்காகவே குறைப்பது. முன்பு தொழிற்சாலைச் சட்டம் இரவு வேலையிலிருந்து பெண்களை விலக்கிவைத்தது. பாதுகாப்பு என்றார்கள். இரவுப்படியும் அதோடு சேர்ந்து பாதுகாப்பாக ஆண்களிடம் போய்ச் சேர்ந்தது. 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது.

மகப்பேறு விடுப்பு 2017-ல் 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. நல்ல சட்டம்தான். ஆனால் ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராத பெண்ணுக்கு அந்த 26 வாரச் சம்பளத்தையும் முதலாளியே தரவேண்டும். ஆகவே அவர் நேர்முகத் தேர்விலேயே கணக்குப் போடத் தொடங்குகிறார். 'கல்யாணம் எப்போ?' என்ற கேள்வி அக்கறையால் கேட்கப்படுவது என்று இங்கேயும் உரை எழுதுவார்கள். செலவைச் சமூகம் பொதுவில் ஏற்காமல் ஒரு முதலாளியின் தலையில் வைத்தால், அவர் அதைப் பெண்ணின் சம்பளத்தில் இறக்கி வைப்பார். சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

7. வாய்ப்பூட்டு

காரணமே சொல்லாமல் இருப்பது. படித்தோர் அலுவலகங்களில் மட்டும் காணப்படும். நியமன ஆணையில், சம்பள விவரத்தைச் சக ஊழியரிடம் சொல்லக்கூடாது என்று ஒரு வரி இருக்கும். வயல்வேலைக்காரிக்குப் பக்கத்து ஆளின் கூலி தெரியும், வாய்விட்டுக் கேட்பாள். மென்பொருள் கம்பெனிப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் வாங்குவது தெரியாது. தெரியாத வேறுபாட்டுக்கு வழக்கும் இல்லை.

இதன் துணைக்கருவி முந்தைய சம்பளச் சீட்டு. 40 ஆயிரம் வாங்கியவனும் 34 ஆயிரம் வாங்கியவளும் புதுக் கம்பெனிக்கு வருகிறார்கள். இருவருக்கும் பாகுபாடில்லாமல் 20 சதவீதம் கூட்டித் தருகிறார்கள். அவனுக்கு 48 ஆயிரம், அவளுக்கு 40,800. ஆறாயிரமாக இருந்த இடைவெளி ஏழாயிரத்து இருநூறு ஆனது. பழைய கம்பெனியின் பாவத்தைப் புதுக் கம்பெனி வட்டியோடு வாங்கிக்கொண்டது. ஒரே முதலாளியிடம் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் என்பதால் சட்டப்படி இதைக் கேட்கலாம். கேட்க முதலில் வாய்ப்பூட்டைத் திறக்க வேண்டும்.

புறனடை

மேற்கூறிய எதிலும் அடங்காத ஒன்று உண்டு: ஏட்டில் குறையே இல்லாத குறை. 1982 ஆசிய விளையாட்டுக்காக டெல்லியில் அரங்கங்கள் கட்டப்பட்டபோது இது நிகழ்ந்தது. அரசு வேலையை ஒப்பந்ததாரருக்குக் கொடுத்தது, ஒப்பந்ததாரர் கூலியை ஆள் கூட்டிவந்த ஜமேதாரிடம் கொடுத்தார். குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு ஒன்பதே கால் ரூபாய். பெண்கள் கைக்கு வந்தது ஏழு. மீதி ஜமேதாரிடம். இதையும் உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது: ஒப்பந்ததாரர் சட்டத்தை மதிக்கிறாரா என்று பார்ப்பது வேலை கொடுத்த அரசின் கடமை.

அதே 1982-ல்தான் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதற்கு அரசியலமைப்பின் 14, 16 பிரிவுகள் வழியாக உச்ச நீதிமன்றம் உயிர் கொடுத்தது. பெண்களுக்காக எழுதிவைத்த கொள்கையை முதலில் வெற்றிகரமாக எடுத்தாண்டவர் டெல்லிக் காவல்துறையின் ஆண் ஓட்டுநர் ஒருவர். அவர் ஒப்பிட்டுக்கொண்டதும் பிற துறை ஓட்டுநர்களோடுதான். நூலாசிரியருக்கு இதில் வருத்தமில்லை. யார் திறந்தாலும் கதவு கதவுதான்.

முதலாளிகள் கவனத்துக்கு ஒரு விதி. சமமாக்குகிறேன் என்று ஆணின் கூலியைக் குறைக்கக்கூடாது. 1976-ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, புதுத் தொகுப்பும் சரி, இதில் உறுதி. இறக்கிச் சமம் செய்வதைப் பகைநூல் முன்பே யோசித்து அடைத்துவிட்டது.

புதுத் தொகுப்பில் இரண்டு மாற்றங்கள் கவனிக்கத்தக்கவை. ஆண், பெண் என்று இருந்த இடத்தில் பாலினம் என்று வந்திருக்கிறது. திருநங்கையரும் திருநம்பியரும் உள்ளே வரலாம். நல்லது. இன்னொன்று, வேலை ஒத்ததா என்று அளக்கப் பழைய சட்டத்தில் திறன், முயற்சி, பொறுப்பு என்று மூன்று அளவுகோல் இருந்தன. இப்போது அனுபவமும் சேர்ந்து நான்கு. இரண்டு பிள்ளை பெற்று மூன்று ஆண்டு வீட்டிலிருந்துவிட்டு வந்தவளுக்கு எட்டு ஆண்டு அனுபவம், அவளோடு வேலைக்குச் சேர்ந்தவனுக்குப் பதினொன்று. இருவர் மேசையிலும் இன்று ஒரே கோப்பு. இது நாழிகையா, கருணையா, அல்லது பெயருக்கு வந்த புதுப்பெயரா என்று உரைகாரர்கள் இனிமேல்தான் வழக்காட வேண்டும். அந்த மூன்று ஆண்டு வேறுபாடு நடைமுறையில் முக்கியமானதா என்று முடிவு செய்ய ஓர் அதிகாரியை அரசு அறிவிக்க வேண்டும் என்கிறது 4-ஆவது பிரிவு. அவரிடம் மனுவோடு முதலில் போகப்போகிறவளுக்காக, இவ்வகையின் எடுத்துக்காட்டுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம்.